குழாயில் கட்டிய கம்பி

மாடிக் குளியலறையில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் சேஷரத்னம் சுவிட்சை அணைத்தாள். கட்டிலை ஒட்டி நின்ற ஆக்சிஜன் மிஷின் பெருமூச்சு விட்டு அடங்கி, அடுத்த நொடியே கீச்சுகீச்சென்று கத்தத் தொடங்கியது. கரண்ட் போனால் ஊரைக் கூட்டவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தே அதை அனுப்பியிருக்கிறார்கள். அவள் தலையணையை எடுத்து அதன் முகத்தில் வைத்து அமுக்கினாள். பிறகு இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் சாய்ந்து, மெழுகுவர்த்தியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மூச்சை விட்டாள். டாக்டர் அப்படித்தான் விடச் சொல்லியிருந்தார். விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பில் எண் தொண்ணூற்று மூன்று என்றது. ஒரு நிமிஷத்தில் எண்பத்தொன்பது. மேலே மாடியில் குடியிருக்கும் ஹைமாவதி தன் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறாள். முதல் நாலு சொம்பு உடம்புக்கு, அப்புறம் சிணுங்கல், அப்புறம் தலைக்கு இரண்டு சொம்பு, அப்புறம் வீறிடல். ஒவ்வொன்றும் சேஷரத்னத்துக்கு மனப்பாடம். எண்பத்தைந்து. தண்ணீர் நின்றது. ஆனாலும் பொறுத்தாள். சில நாள் ஹைமாவதி குழந்தையின் துணிகளையும் அங்கேயே அலசிவிட்டுத்தான் வெளியே வருவாள். எண்பத்திரண்டில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சேஷரத்னம் சுவிட்சைப் போட்டாள்.

பத்து நாளாக இப்படித்தான். மிஷின் ஓடும்போது மேலே யாராவது குழாயைத் தொட்டால் குழாய் கடிக்கும். முதலில் எறும்பு கடித்த மாதிரி இருந்தது, இப்போது கையை உதறவைக்கிறது. நாளைக்கு என்ன செய்யுமோ தெரியாது. மிஷினை அணைத்தால் குழாய் வெறும் இரும்பு. அதனால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தன் மூச்சை நிறுத்திக்கொள்வது என்று சேஷரத்னம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். இந்த ஏற்பாடு அவளுக்கும் அவள் புருஷனுக்கும் தவிர அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் ஆக்சிஜன் மிஷின் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

அவள் புருஷன் கொண்டலராவ் முப்பது வருஷமாக மைக் செட் காரன். ராஜமந்திரியைச் சுற்றி அவன் பாட்டுப் போடாத ஜாத்திரையும் கல்யாணமும் குறைவு. வயல் நடுவே பந்தல் போட்டால் கரண்டுக்கு யாரைக் கேட்பது? கம்பத்தில் ஒரு கொக்கி, அங்கிருந்து ஒரு ஒயர். திரும்பிப் போகும் ஒயருக்கு என்ன செய்வது என்றால், மண்ணில் ஒரு கடப்பாரையை அடித்து இறக்கி, ஒரு குடம் தண்ணீரும் இரண்டு கை உப்பும் கொட்டி, ஒயரை அதில் சுற்றிவிடுவார்கள். விடிய விடியப் பாட்டு ஓடும். மின்சார இலாகாக்காரர்கள் வந்து திட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். முப்பது வருஷத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அவன் சொல்வான். ஆகியிருந்தால் அவன் அடுத்த ஊருக்குப் போயிருப்பான், அவனுக்கு எப்படித் தெரியும் என்று சேஷரத்னம் இப்போது நினைக்கிறாள். அப்போது நினைக்கவில்லை. அப்போது அவளுக்குக் காற்று வேண்டியிருந்தது.

அவளுடைய நுரையீரல் இரண்டும் காய்ந்த கடற்பஞ்சு மாதிரி இறுகிக்கொண்டு வருகிறது. ஏன் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. முதலில் ராத்திரி மட்டும் மிஷின் போதும் என்றார்கள், போன வருஷம் தீபாவளிக்கு அப்புறம் பகலும் ராத்திரியும் என்றார்கள். மூக்கில் டியூப் ஏறிய பத்தாம் நாள், அப்போது குடியிருந்த வீட்டுக்காரரின் மனைவி மோர் வாங்குகிற சாக்கில் உள்ளே வந்து பார்த்தாள். மறுநாள், ஹைதராபாத்திலிருந்து மகன் வருகிறான், வீடு வேண்டும் என்றார்கள். இன்றுவரை அந்த மகன் வரவில்லை. அடுத்த வீட்டில் சுற்றி வளைக்கவில்லை. ஒரு வாரம் டைம் கொடுத்தார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவிட்டத்தில் ஆரம்பித்து ரேவதிவரை அந்த ஐந்து நட்சத்திரங்களில் ஒன்றில் உயிர் போய்விட்டால் வீட்டை மாதக்கணக்கில் அடைத்துப் போடவேண்டும். சொந்த வீடாக இருந்தால் தலையெழுத்து என்று பொறுத்துக்கொள்ளலாம். வாடகைக்கு வந்தவர்கள் செத்து, வீட்டுக்காரன் தெருவில் நிற்பதா? சாகிற மாதிரி இருக்கிறவர்களுக்கு அந்த ஊரில் யாரும் வீடு கொடுப்பதில்லை. சேஷரத்னத்துக்கு வயது நாற்பத்தெட்டு. மூக்கில் டியூபோடு பார்த்தால் சாகிற மாதிரிதான் இருக்கிறாள்.

ஆகவே சங்கராந்தி முடிந்து சுபத்ரம்மாவின் வீட்டுப் பின்கட்டுக்குக் குடி வந்தபோது, ஆக்சிஜன் மிஷின் ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குள் உட்கார்ந்து வந்தது. சேஷரத்னம் டியூபைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, ஆட்டோவிலிருந்து வாசல்வரை இருபது அடி நடந்து, சிரித்து, வணக்கம் சொல்லி, பால் பொங்கவைத்தாள். அந்த நாற்பது நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நெஞ்சு அடைக்கிறது. சுபத்ரம்மா ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர், விதவை. ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உடம்பு ஏன் இப்படி இளைத்திருக்கிறது என்றாள். தைராய்டு என்றான் கொண்டலராவ். சுபத்ரம்மா அதற்குமேல் கேட்கவில்லை, ஆனால் ஒன்றைச் சொல்லி வைத்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே பின்கட்டில் குடியிருந்தவர்களின் அப்பா அவிட்டத்தில் போய்விட்டார். ஒரே கூரை என்பதால் வீடு மொத்தத்தையும் ஆறு மாதம் பூட்டிவிட்டுத் தம்பி வீட்டில் போய் இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வரவேண்டிய மகள் தாய்வீடு இல்லாமல் மாமியார் ஊரிலேயே பெற்றாள். குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது. இங்கே, இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று சுபத்ரம்மா நிதானமாக, வகுப்பில் கணக்குப் போட்டுக் காட்டுகிற குரலில் சொன்னாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆட்டோவில் திரும்ப ஏறியிருக்கவேண்டும்.

வந்த மூன்றாம் நாள் மிஷினும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடியதில் முன்கட்டுக் கூடத்தில் பியூஸ் போயிற்று. சுபத்ரம்மா டார்ச்சோடு வந்து கதவைத் தட்டி, உள்ளே என்னம்மா ஓடுகிறது என்று கேட்டாள். மீட்டரும் அவள் கூடத்தில்தான் இருந்தது. மாதம் பிறந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளே படிப்பாள். இரண்டு விளக்கும் ஒரு ஃபேனும் உள்ள பின்கட்டு இவ்வளவு கரண்டை எப்படித் தின்கிறது என்று கணக்கு டீச்சருக்கா தெரியாது? அன்று மாலையே கொண்டலராவ் டெஸ்டரும் ஒயருமாக உட்கார்ந்தான். குளியலறைச் சுவருக்கு வெளிப்பக்கம் போர் மோட்டாருக்கான பெட்டி இருந்தது, அதன் கரண்ட் கூடத்து மீட்டரில் ஏறாது. அதிலிருந்து ஒரு ஒயரைச் சன்னல் வழியே உள்ளே கொண்டுவந்தான். அந்தப் பெட்டியில் கரண்ட் வருகிற கம்பி மூன்று உண்டு, திரும்பிப் போகிற கம்பி கிடையாது. அந்த மோட்டாருக்கு அது வேண்டாம், மிஷினுக்கு வேண்டும். கொண்டலராவ் கொஞ்சமும் யோசிக்கவில்லை. குளியலறைக் குழாயின் பின்பக்கம், தொட்டியிலிருந்து மாடிக் குளியலறை வழியாக இறங்கி மண்ணுக்குள் போகிற இரும்புக் குழாயில் ஒயரைச் சுற்றி, இறுக்கி, சோப்புத் தட்டை வைத்து மறைத்தான்.

"கடப்பாரைதான் இது. பெரிய கடப்பாரை. பூமி எல்லாத்தையும் வாங்கிக்கும் ரத்னம், நீ தூங்கு" என்றான்.

மிஷின் ஓடியது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அன்று அவள் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். அந்த நன்றி அவளுக்கு இப்போதும் உண்டு. அவன் செய்த காரியத்தை எவ்வளவு வெறுத்தாலும் அந்த ஒரு ராத்திரிக்காக அவனை அவளால் வெறுக்க முடியவில்லை.

தினமும் காலையில் அவன் குழாய் மண்ணில் இறங்கும் இடத்தில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினான். அந்த இடத்தில் ஒரு செம்பருத்தி நின்றது. குடித்தனக்காரன் செடிக்குத் தண்ணீர் விடுகிறானே என்று சுபத்ரம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. தண்ணீரோடு உப்பும் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. பங்குனிக்குள் செம்பருத்தி கருகிப்போயிற்று. இவ்வளவு தண்ணீர் விட்டும் செடி ஏன் போயிற்று என்று அவள் ஒரு வாரம் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கத்திரி வெயில் மாதிரி ரோகிணி கார்த்தை வந்தது. மாடிப்படியில் வைத்த மிளகாய் அரை நாளில் காய்ந்து நொறுங்கியது. போரில் தண்ணீர் இறங்கிவிட்டது. மோட்டார் காலையில் அரை மணிநேரம் இருமிவிட்டு நின்றது. சுபத்ரம்மா மோட்டார் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, செத்த செடிக்கு எவனாவது தண்ணீர் ஊற்றினால் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மண் வெடித்தது. மிஷினின் சத்தம் ஒருமாதிரி கனத்து இறங்கியது. பூமி வாங்கிக்கொள்வதை நிறுத்திக்கொண்டிருந்தது.

ஹைமாவதிதான் முதலில் சொன்னாள். இருபத்தாறு வயது, புருஷனுக்கு விசாகப்பட்டினத்தில் வேலை, ஞாயிறுக்கு ஞாயிறு வருவான். மற்ற நாளில் பேச ஆளில்லாமல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கட்டுச் சன்னலுக்கு வருவாள். சேஷரத்னம் டியூபை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டு, சன்னல் வலைக்கு இந்தப் பக்கமிருந்து பேசுவாள். குழந்தையின் பெயர் வேறு, கூப்பிடுவது சிட்டி. சிட்டி வலையில் நாக்கை வைத்து நக்கும். குழாயைத் தொட்டால் சுரீரென்கிறது, சிட்டியைக் குளிப்பாட்டப் போனாலே அழுகிறாள், சுபத்ரம்மாவிடம் சொன்னால் வெயில்காலத்தில் பழைய குழாய் அப்படித்தான் என்கிறாள் என்று ஹைமாவதி சிரித்துக்கொண்டே சொன்னாள். சேஷரத்னம் வலையைப் பார்த்தாள். குழந்தையின் நாக்கு வலையில் இருந்தது. வலைக்கம்பி மரச்சட்டத்தில்தான் அடித்திருக்கிறது, இதில் ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே நாலு தடவை சொல்லிக்கொள்ளவேண்டியிருந்தது.

அன்று கொண்டலராவ் வந்ததும் டெஸ்டரைக் குழாயில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். டெஸ்டர் மங்கலாகச் சிவந்தது. அவன் அதை உதறி, துடைத்து, இன்னொரு தடவை வைத்தான். அப்போதும் சிவந்தது.

"கொஞ்சந்தான் இருக்கு. ஆளைக் கொல்ற அளவுக்கெல்லாம் இல்ல."

"குழந்தையைக் கொல்ல எவ்வளவு வேணும்?"

அவன் டெஸ்டரைக் கீழே வைத்தான். குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். சொல்லிவிடலாம் என்றாள் அவள். சுபத்ரம்மா பொல்லாதவள் இல்லை, சொன்னால் கேட்பாள், இல்லையென்றால் போகச் சொல்வாள், அவ்வளவுதானே. கொண்டலராவ் இங்கே வருவதற்கு முன்னால் தான் போய்ப் பார்த்த வீடுகளைச் சொன்னான். உண்மையைச் சொல்லிக் கேட்ட ஒன்பது வீடு. ஒருத்தர் வீட்டைக் காட்டவே இல்லை. ஒருத்தர் நல்ல மனுஷர், காபி கொடுத்து, அழுதே விட்டார், வீடு மட்டும் இல்லை என்றார். ஆஸ்பத்திரியில் படுக்கவைக்கலாம் என்றால், வீட்டில் மிஷின் வைத்துக்கொள்ளலாம் என்றுதானே அவர்கள் அனுப்பினார்கள்.

"உன்ன எங்க வெச்சுக்குவேன்?" என்றான். "பந்தல்லயா? சொல்லு, பந்தல்ல வெச்சுக்கட்டுமா?"

அதைக் கேலியாகச் சொல்ல நினைத்துத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டான். தண்ணீர்ச் சத்தம் கேட்கும்போது அணைத்துவிடுகிறேன் என்று அவள்தான் சொன்னாள். ஒரு மழை பெய்தால் மண் நனைந்துவிடும், அதுவரைக்கும்தானே. அவன் தலையாட்டினான். வெளியே வானம் தகரம் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

சிட்டிக்கு முதல் சோறு ஊட்டும் அன்னப்பிராசனம் என்று ஹைமாவதி முதல் நாளே வந்து சொல்லிவிட்டுப் போனாள். பெண் குழந்தை, ஏழாம் மாதம், முகூர்த்தம் பத்தரைக்கு. மாமியார் வீட்டிலிருந்து பத்துப் பேர் வருகிறார்கள், அத்தை கட்டாயம் மாடிக்கு வந்து ஆசீர்வாதம் பண்ணவேண்டும். முழங்கால் வலி, மாடி ஏற முடியாது என்றாள் சேஷரத்னம். பத்துப் பேர் என்பது மட்டும் அவள் காதிலேயே நின்றது. கொண்டலராவுக்கு அன்று பார்த்துக் கொவ்வூரில் ஒரு கல்யாணம். போகமாட்டேன் என்றான். போகாவிட்டால் மைக் செட் கடைக்காரன் வேறு ஆளை வைத்துக்கொள்வான். ஆஸ்பத்திரிக்குப் போய்வர வைத்திருந்த சின்ன சிலிண்டர் காலியாகக் கிடந்தது. அதை ஆம்ப்ளிபயர் பெட்டியில் போட்டு நிரப்பிக்கொண்டு சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, வாசலில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

எட்டரைக்கே தண்ணீர் ஆரம்பித்துவிட்டது. யார் யாரோ கை கழுவினார்கள், கால் கழுவினார்கள், அரிசி களைந்தார்கள். மனப்பாடம் எதுவும் உதவவில்லை. நின்றது என்று சுவிட்சைப் போட்டால் அரை நிமிஷத்தில் மறுபடி விழுந்தது. அணைத்தாள், போட்டாள், அணைத்தாள். ஒன்பதேகாலுக்கு எண் எண்பத்துநாலுக்குமேல் ஏறுவதை விட்டுவிட்டது. மாடியில் நாற்காலி இழுத்தார்கள், சிரித்தார்கள், யாரோ பரமான்னத்துக்கு வெல்லம் போதாது என்றார்கள். பிறகு ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. தொட்டியில் இருக்கிற தண்ணீரே இவ்வளவுதானா, தீர்ந்து தொலையாதா என்று சேஷரத்னம் வேண்டிக்கொண்டாள். எண்பது. எழுபத்தெட்டு. நகங்கள் நாவற்பழம் தின்ற மாதிரி ஆயின. கண்ணின் ஓரங்களில் கறுப்பு ஏறியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உதட்டைக் குவித்து ஊதினாள். அப்போது மிஷின் ஓடத் தொடங்கியது. காற்று மூக்கில் ஏறியது. எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்து இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான், சுவிட்சின்மேல் தன் விரல் இருப்பதைப் பார்த்தாள். போட்டது அவள்தான். போடவேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை.

மேலே ஒரு அலறல், கூடவே பித்தளைப் பாத்திரம் தரையில் உருளும் சத்தம். சேஷரத்னம் சுவிட்சை அணைத்தாள். தலையணைக்குக் கை போகவில்லை, மிஷின் கத்திக்கொண்டே இருந்தது. மேலே எல்லோரும் குளியலறைக்கு ஓடினார்கள். பிறகு ஒரு வயதான பெண்பிள்ளைக் குரல், ஹைமாவதியின் மாமியாராக இருக்கவேண்டும், கோபமும் நடுக்கமுமாக, இந்தக் குழாயில் பேய் குடியிருக்கிறதா என்று கேட்டது. உயிரோடு இருக்கிறாள். சேஷரத்னத்துக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கத் தெம்பில்லை.

"அது அப்பப்ப அப்படித்தான் அத்தை கடிக்கும்" என்றாள் ஹைமாவதி. குளியலறைச் சன்னல் வழியாக ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இறங்கியது. "எங்களுக்குப் பழகிடுச்சு. அண்டாவ நிமித்தி வைங்க. சிட்டிய அதுலயே உக்கார வெச்சு, குழாயத் தொறந்துவிட்டுக் குளிப்பாட்டிடலாம். அவளுக்கும் தண்ணியில விளையாடப் பிடிக்கும்."

பித்தளை அண்டா. அதற்குள் தண்ணீர், தண்ணீருக்குள் குழந்தை, தலைக்கு மேலே அந்தக் குழாய். சிட்டி பார்க்கிற எதையும் கையை நீட்டிப் பிடிக்கிற வயசு. சேஷரத்னம் தன் வலது கையைப் பார்த்தாள். அது மடியில் சாதுவாகக் கிடந்தது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் அவள் பேச்சைக் கேட்காத கை அது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் கேட்காது. அவளுக்கு அந்தக் கையைக் கண்டு பயமாக இருந்தது. கத்திச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது, அதுவும் கொஞ்சம். அவள் குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

பிடுங்கிய பிறகு என்ன செய்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. மிஷின் கத்திக் கத்தித் தொண்டை அடைத்து நின்றது. அடியில் நாலு சக்கரம் இருப்பதால் தள்ளினால் வந்தது. கொண்டலராவ் அதை வாசற்படி தாண்டி ஒருநாளும் எடுத்ததில்லை. சேஷரத்னம் ஒயரைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். டியூபை மூக்கிலிருந்து எடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள், ஐந்து மாதப் பழக்கம். எடுக்கவில்லை. கதவைத் திறந்ததும் வெயில் அடித்தது. பின்கட்டிலிருந்து சுபத்ரம்மாவின் கூடத்துக்கு, பக்கத்துச் சந்து வழியாக முப்பது அடி இருக்கும். சேஷரத்னம் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தாள், நின்றாள். மிஷினின் சக்கரம் காய்ந்த மண்வெடிப்பில் மாட்டியது. இழுத்தாள். செருப்பில்லாத கால் சுட்டது நல்லதாகப் போயிற்று, அதனால்தான் அவள் அங்கேயே உட்கார்ந்துவிடாமல் இருந்தாள். கிளிப்பை அவள் பார்க்கவில்லை. இருபதாம் அடியில் சந்து இரண்டு சந்தாகத் தெரிந்தது. மேலே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சிட்டி தண்ணீரை அடித்துச் சிரித்தது. அண்டா முழுக்க அந்தச் சிரிப்பு முழங்கியது.

சுபத்ரம்மா கூடத்தில்தான் இருந்தாள். குழந்தைக்குப் பரமான்னம் ஊட்ட வெள்ளிக் கிண்ணம் எடுக்கக் கீழே வந்திருந்தாள். பட்டுப்புடவை, ஈரத்தலையில் துண்டு. கிண்ணத்தை விபூதி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தவள், வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். மூக்கில் டியூபும், கழுத்தில் ஒயரும், கையில் பிடித்த மிஷினுமாக நின்றவளை அவள் அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்சநேரம் ஆயிற்று.

"பிளக்" என்றாள் சேஷரத்னம். அதற்குமேல் வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

சுபத்ரம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.  கழுத்திலிருந்து ஒயரை உருவி, டி.வி.க்குப் பின்னால் இருந்த பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அதில் செருகினாள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சேஷரத்னம் கையை நீட்டி அழுத்தினாள். மிஷின் முழுக் குரலில், கணீரென்று ஓடியது. அது இப்படி ஓடி எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. காற்று வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். திறந்தபோது சுபத்ரம்மா அதே இடத்தில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எத்தன நாளா?"

"வந்த நாளிலேர்ந்து."

"ஸ்பீக்கர் பெட்டின்னு தூக்கிட்டு வந்தாரே, அதுவா?"

சேஷரத்னம் தலையாட்டினாள். பிறகு, மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப, சொல்லவேண்டியதைச் சொன்னாள். மோட்டார் பெட்டியிலிருந்து இழுத்த ஒயரைச் சொன்னாள், சோப்புத் தட்டுக்குப் பின்னால் குழாயில் சுற்றியிருப்பதைச் சொன்னாள். குழாய் கடித்தது வெயிலால் இல்லை, தன்னால்தான் என்றாள். செம்பருத்தியையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் ஏதோ கேட்டு வாங்க வந்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. "இப்ப மிஷின் இங்க இருக்கு, குழாய்ல ஒண்ணும் இல்ல. அந்தக் கம்பிய யாரையாவது விட்டு அவுக்கச் சொல்லுங்க. குழந்தை குளிக்குது" என்றாள்.

சுபத்ரம்மா மேலே பார்த்தாள். சிட்டி இன்னும் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. சுபத்ரம்மாவின் முகத்தில் முதலில் எதுவும் இல்லை, பிறகு வாயோரம் துடித்தது. அடிக்கப்போகிறாள் என்று நினைத்தாள் சேஷரத்னம். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். சுபத்ரம்மா அடிக்கவில்லை. கீழே வைத்த கிண்ணத்தை எடுத்து, முந்தானையால் விபூதியைத் துடைத்து, மறுபடி துடைத்தாள்.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"முடிஞ்சவரைக்கும்னு சொல்றாரு."

"நான் கேக்கறது அது இல்ல ரத்னம்."

அவள் கேட்பது எது என்று சேஷரத்னத்துக்குத் தெரியும். கொண்டலராவிடம்கூட இதுவரை அவள் அதைச் சொன்னதில்லை. டாக்டர் அவனை வெளியே அனுப்பிவிட்டு, அவளிடம் தனியாகச் சொன்னது அது.

"மழைக்காலம் தாண்டாதுன்னாரு."

மாடிப்படியிலிருந்து யாரோ சுபத்ரம்ம காரு, கிண்ணம் கிடைத்ததா, முகூர்த்தம் நெருங்குகிறது என்று கூப்பிட்டார்கள்.  சுபத்ரம்மா கிண்ணத்தை இடது கையில் பிடித்தபடி திரும்பி, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் முன்னால் போய் நின்றாள். மூக்குக்கண்ணாடி மேலே எங்கோ இருந்தது போலிருக்கிறது, முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். ஒவ்வொரு தேதிக் கட்டத்துக்குள்ளும் சின்ன எழுத்தில் நட்சத்திரம் போட்டிருக்கும். அவள் விரல் இன்றைய கட்டத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாக, வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுகிற நிதானத்தில் நகர்ந்தது. இந்த வாரம் முடிந்து அடுத்த வரிக்கு இறங்கியது, அவிட்டம் வந்ததும் நின்று, ரேவதி தாண்டும்வரை மெதுவாகப் போயிற்று. மாதக் கடைசிக்குப் போய், தாளைத் தூக்கி, அடுத்த மாதத்துக்குப் போயிற்று. சேஷரத்னம் நிலைப்படியில் சாய்ந்து, உதட்டைக் குவித்து மூச்சை விட்டபடி, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.